எண் இல்லாவிட்டால் பன்னிரண்டு

விஜயராணி ஸ்டிக்கர் உரித்துக்கொண்டிருந்தாள். சூடான அயர்ன் பெட்டியை அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் ஒரு மூச்சு நேரம் வைத்து எடுப்பாள். பசை இளகியதும் கட்டைவிரல் நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பிக் கோணலாக இழுப்பாள். நேராக இழுத்தால் அட்டையின் மேல்தோலும் கூடவே வந்துவிடும். பிறகு பெட்டியையே மாற்ற வேண்டும். அன்று திங்கட்கிழமை. பேக்கிங் ஹாலில் அறுநூற்று நாற்பது பெட்டிகள் அடுக்கியிருந்தன. எல்லாவற்றிலும் கோடவுன் எண் 12 என்று அச்சாகியிருந்தது. 47 என்று இருந்திருக்க வேண்டும். மறுநாள் மதியம் இரண்டு மணிக்குக் கன்டெய்னர் வருகிறது.

குழந்தைகளுக்கான பனியன் துணி உடுப்புகளைத் தைத்து ஏற்றுமதி செய்கிற கம்பெனி அது. நான் அங்கே முதலுதவி அறையைப் பார்த்துக்கொண்டு பதினோரு வருடமாகிறது. ஊசி ஏறிய விரல், சாப்பிடாமல் வந்து மயங்கி விழுகிற பெண், கட்டிங் மெஷினில் கிழிந்த கை எல்லாம் என்னிடம் வரும். விஜயராணி வந்தது காலுக்காக.

அவளுக்கு ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு கிராமம். பதினேழு வயதில் ஒரு வேன் நிறையப் பெண்களோடு திருப்பூருக்கு வந்தாள். மூன்று வருடம் செக்கிங், பிறகு பதினோரு வருடம் பேக்கிங். இரண்டுமே நின்றுகொண்டு செய்கிற வேலை. இடையில் கல்யாணம் ஆனது. நான்கு வருடத்தில் கணவன் வேறு ஊருக்குப் போனான், திரும்பவில்லை. அதைப் பற்றி அவளும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. முப்பத்தோரு வயதில் இடது கணுக்காலுக்கு மேலே, உட்பக்கம், ஒரு புண் வந்தது. நரம்பு சுருட்டிக்கொண்டதால் வருகிற புண். ஆறும், மூன்று மாதத்தில் திரும்ப உடையும். நிற்காமல் இருந்தால் ஆறிவிடும் என்று டாக்டர் சொன்னார். பேக்கிங்கில் நாற்காலி கிடையாது.

அதனால் அவளாகவே நாற்காலி தேடிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனாள். மற்ற நாட்களில் விடுதி அறையில் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு போனில் பாடம் பார்த்தாள். பைத்தான் என்கிற மொழியில் சின்னச் சின்ன ஸ்கிரிப்ட் எழுத வந்தது. ஸ்கிரிப்ட் என்றால் கம்ப்யூட்டர் என்னென்ன வேலையை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று எழுதித் தருகிற பட்டியல்தான். அந்தச் சமயம் லேபிள் அறையில் ஸ்டிக்கரை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் பிரசவத்துக்குப் போனாள். விஜயராணி முதலாளி அர்த்தநாரியிடம் போய், நாள் முழுக்கச் செய்கிற வேலையைத் தன்னால் அரை மணியில் முடிக்க முடியும் என்றாள். முடித்தும் காட்டினாள். லேபிள் அறையின் நாற்காலி அவளுக்குக் கிடைத்தது. புண் ஆறு வாரத்தில் மூடியது. அதன் பிறகு ஒன்றரை வருடம் அது உடையவில்லை.

இனி அந்த எண்ணின் கதையைச் சொல்ல வேண்டும்.

எங்கள் முதலாளிக்குப் பல்லடம் சாலையில் இன்னொரு யூனிட் உண்டு. அங்கே தைப்பது, வெளிநாட்டில் சரக்கை வாங்குகிற பையரின் 12ஆம் எண் கோடவுனுக்குப் போகும். இங்கே தைப்பது 47க்குப் போகும். 12க்குப் போக வேண்டியது 47க்குப் போனால் பையர் எடுக்கவே மாட்டான். இரண்டு இடத்திலும் ஸ்டிக்கர் அடிப்பது விஜயராணி எழுதிய ஒரே ஸ்கிரிப்ட். எண்ணை அதற்குள்ளேயே எழுதி வைத்தால் இரண்டு ஸ்கிரிப்ட் ஆகிவிடும். ஒன்றைத் திருத்தி மற்றதை மறந்துவிடுவார்கள். அதனால் பாடத்தில் சொன்னபடி செய்தாள். ஒவ்வொரு கம்ப்யூட்டரும் சில குறிப்புகளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். ஒரு பெயர், அதற்கு எதிரே ஒரு மதிப்பு. அவள் கோடவுன் என்று பெயர் கொடுத்து, இங்கே 47 என்றும் அங்கே 12 என்றும் வைத்தாள். ஸ்கிரிப்ட் ஓடத் தொடங்கும்போது, தான் இருக்கிற கம்ப்யூட்டரிடம் கோடவுன் என்ன என்று கேட்டு எடுத்துக்கொள்ளும். கேட்பதற்கு os.environ என்று ஒரு வழி இருப்பதாக நோட்டில் எழுதி வைத்திருந்தாள்.

எனக்கு இது சுலபமாகப் புரிந்தது. வார்டில் ஊசி போட வருகிறவள் ஒருத்திதான். எந்த மருந்து என்பதைக் கட்டிலில் தொங்குகிற அட்டைதான் சொல்லும்.

அட்டை இல்லாவிட்டால் என்ன செய்வது என்பதில்தான் கோளாறு. அதற்கு இரண்டு வழி உண்டாம். ஒன்று, குறிப்பு இல்லையென்றால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்று, எது இல்லை என்று பெயர் சொல்லிக் கத்தும். மற்றது, குறிப்பு இல்லையென்றால் நாம் முன்கூட்டிச் சொல்லி வைத்த மாற்று மதிப்பைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு ஓடும். விஜயராணி முதலில் கத்துகிற வழியைத்தான் வைத்திருந்தாள்.

ஜூன் மாதம் ஒருநாள் கரண்ட் போனது. யுபிஎஸ் பேட்டரியும் செத்திருந்தது. கம்ப்யூட்டர் அணைந்து எழுந்தபோது கோடவுன் குறிப்பைக் காணவில்லை. காரணம், அவள் அதைத் திரையில் திறந்திருக்கிற கறுப்பு ஜன்னலில்தான் தட்டி வைத்திருந்தாள். அப்படி வைத்தால் அந்த ஜன்னல் மூடும் வரைதான் அதற்கு ஆயுசு. ஸ்கிரிப்ட் சிவப்பு எழுத்தில் கத்திவிட்டு நின்றது. வாசலில் லாரி நின்றது. அர்த்தநாரி லேபிள் அறைக்குள் வந்தார்.

"ஏம்மா, நிக்கறதுக்கா இதைய வாங்கி வெச்சிருக்குது? எது வந்தாலும் ஓடோணும். நிக்கவே கூடாது, ஆமா."

அவள் குறிப்பைத் திரும்பத் தட்டினாள். கூடவே ஸ்கிரிப்ட்டில் ஒரு வார்த்தையை மாற்றினாள்: குறிப்பு இல்லாவிட்டால் 12 என்று எடுத்துக்கொள். பல்லடம் சாலை யூனிட்தான் பழையது, அதனால் 12. அட்டை இல்லாத கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலின் மருந்தைப் போடச் சொன்ன மாதிரி. குறிப்பை நிரந்தரமாக எழுதி வைக்கவும் ஓர் இடம் இருக்கிறது. அடுத்த வாரம் செய்யலாம் என்று விட்டாள். புது பேட்டரி வந்தது. கம்ப்யூட்டர் அதன் பிறகு அணையவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை.

ஆயுத பூஜை வந்தது.

பேக்கிங் சூப்பர்வைசர் மாரப்பனுக்கு ஐம்பத்தெட்டு வயது. காங்கேயம் பக்கம். கம்பெனி பத்து மெஷினோடு இருந்த நாளிலிருந்து இருக்கிறார். பூஜையன்று ஹாலில் இருக்கிற தராசு, கத்திரிக்கோல், அயர்ன், டேப் ஒட்டுகிற கருவி வரை எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பது அவர் பொறுப்பு. ஓடுகிற இயந்திரத்துக்குப் பொட்டு வைக்க மாட்டார். எல்லாம் அணைந்திருக்க வேண்டும். பூஜை முடிந்து நல்ல நேரம் பார்த்துத்தான் திரும்பப் போட வேண்டும். லேபிள் அறைக்குப் போனார். கம்ப்யூட்டரை விஜயராணி சொல்லிக் கொடுத்த முறைப்படியே ஒவ்வொரு ஜன்னலாக மூடி, ஒழுங்காக அணைத்தார். திரையின் நெற்றியில் மூன்று பொட்டு வைத்துச் செவ்வந்திச் சரம் போட்டார். அந்த நேரத்தில் விஜயராணி தேனி பஸ்ஸில் இருந்தாள். தெற்கத்திக்காரர்கள் எல்லோரும் பூஜை விடுமுறையோடு இரண்டு நாள் சேர்த்து ஊருக்குப் போவது வழக்கம்.

சனிக்கிழமை மாரப்பன் ஸ்டிக்கர் அடிக்க உட்கார்ந்தார். அவள் இல்லாத நாட்களில் அவர்தான் அடிப்பார். கறுப்பு ஜன்னலில் மேல் அம்பை ஒரு தட்டு, என்டரை ஒரு தட்டு. அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். ஜன்னல் இல்லை. திரையில் ஸ்கிரிப்ட்டின் படம் இருந்தது. அதை இரண்டு தட்டு தட்டினார். ஓடியது. அறுநூற்று நாற்பது ஸ்டிக்கரும் அச்சாகி வந்தன. கத்தல் இல்லை, சிவப்பு இல்லை. சாயங்காலத்துக்குள் ஒட்டி முடித்தார்கள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு விஜயராணி வந்தாள். பெட்டி அடுக்கைத் தாண்டும்போது நின்றாள். பையைக்கூட இறக்கவில்லை. நேராகக் கம்ப்யூட்டரிடம் போய், கறுப்பு ஜன்னலைத் திறந்து, கோடவுன் என்ன என்று தட்டிக் கேட்டாள். குறிப்பு இருந்தால் எண் வரும். இல்லாவிட்டால் நாம் தட்டியதையே அப்படியே திருப்பிக் காட்டும். அவள் தட்டியதுதான் திரும்பி வந்தது. அவளுக்கு ஐந்து நிமிடத்தில் எல்லாம் விளங்கிவிட்டது.

பத்து மணிக்கு அர்த்தநாரி ஹாலுக்கு வந்தார். அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை, பெட்டிகளைத்தான் பார்த்தார்.

"யாருங்க அடிச்சது?"

"நாந்தானுங்க மொதலாளி," என்றார் மாரப்பன்.

"சிஸ்டத்தை ஆரு அணைச்சது?"

"அதுவும் நாந்தானுங்க. பூஜைங்க. ஓடற மெஷினுக்குப் பொட்டு வெக்க முடியாதுங்களே."

"கம்ப்யூட்டருக்குப் பொட்டு வெக்கச் சொல்லி எந்தச் சாமி உங்க கனவுல வந்து கேட்டுச்சு?"

ஹாலில் இரண்டு பேர் சிரித்தார்கள். மாரப்பனும் சிரிக்கப் பார்த்தார்.

"அடிச்சு முடிச்ச பொறவு ஒண்ணை எடுத்துப் படிச்சுப் பாத்தீங்களாண்ணா? கண்ணு தெரியுதுங்களா இல்லீங்களா?"

"பாத்தனுங்க. எண்ணுல மனசு போவலீங்க."

அர்த்தநாரி குரலை இறக்கினார். அவர் குரல் இறங்கினால் முடிவு செய்துவிட்டார் என்று அர்த்தம்.

"கன்டெய்னர் போகட்டும். அப்புறம் நீங்க ஊட்டுல இருந்துக்கங்கண்ணா. வயசும் ஆச்சு."

மாரப்பன் தலையை ஆட்டினார். விஜயராணி நான்கு அடி தள்ளி நின்றாள். அவள் வாயைத் திறக்கவில்லை. அதை நான் பார்த்தேன். மயங்கிய ஒரு பெண்ணுக்குக் குளுக்கோஸ் கரைத்துக்கொண்டு ஹாலின் மூலையில் இருந்தேன்.

பிறகு எல்லோரும் உரிக்க உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தார்கள் என்பது பேச்சுக்கு, நின்றுகொண்டுதான். விஜயராணியும் அயர்ன் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். பேக்கிங்கில் அவளோடு ஒரே மேசையில் எட்டு வருடம் நின்ற கருத்தம்மாவுக்கு வாய் சும்மா இருக்காது.

"அடி ஆத்தி, கம்ப்யூட்டர் மேடம் நம்ம கூட நகம் தேய்க்க வந்துருக்காக! யாராச்சும் ஒரு பேன் போட்டு விடுங்கடி."

"பேசாம உரிடி," என்றாள் விஜயராணி.

"உரிக்கிறோம், உரிக்கிறோம். உன் மிஷினு அரை மணியில அடிச்சதை முப்பது பேரு நாள் முழுக்க உரிக்கிறோம். நல்ல மிஷினுத்தா."

விஜயராணி அயர்னை அடுத்த பெட்டியில் வைத்தாள். மாரப்பன் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அவள் பக்கம் வந்துகொண்டிருந்தார்.

"அம்மணி, நீ ஊருக்குப் போனப்ப இப்படிப் பண்ணிப் போட்டனே. உன்ற பேருக்கும் கெட்டதாப் போச்சு."

"விடுங்கண்ணே."

"ஒழுங்காத்தான் அணைச்சேன். நீ சொல்லிக் குடுத்தபடிதான்."

"ஒழுங்காத்தாண்ணே அணைச்சிருக்கீங்க. விடுங்க."

"அந்தக் கறுப்பு ஜன்னலுக்குள்ள என்னமோ இருந்திருக்குது. எனக்குத் தெரியாமப் போச்சு."

திரும்பவும் அவர் வந்தபோது அவள் அயர்னை நிமிர்த்தி வைத்துவிட்டு என் அறைக்கு வந்தாள். மணி மூன்றரை இருக்கும். கட்டிலில் உட்கார்ந்து இடது காலை நீட்டினாள். புண் திரும்ப உடைந்திருந்தது, எட்டணா அகலம். ஊரில் மூன்று நாள் நடந்ததும் இன்று காலையிலிருந்து நின்றதும் சேர்ந்து செய்த வேலை. உப்புத் தண்ணீரால் கழுவினேன்.

"அது என் தப்பு, நர்ஸம்மா," என்றாள்.

ஜூன் மாதக் கதையையும் மாற்றிய அந்த ஒரு வார்த்தையையும் அப்போதுதான் சொன்னாள்.

"அவரு அணைச்சா என்ன, எவரு அணைச்சா என்ன. எண்ணு இல்லைன்னா நின்னுருக்கணும். நான்தான் நிக்காம ஓடுன்னு எழுதி வச்சேன். நின்னுருந்தா அந்த மனுஷன் எனக்குப் போன் பண்ணிருப்பாரு. ரெண்டு நிமிஷ வேலை."

"முதலாளிக்குத் தெரியுமா?"

"அவருக்கு என்னத்தத் தெரியும்? நான் சொன்னாத்தான் உண்டு. சொல்லலைன்னா யாருக்கும் தெரியாது. அந்த வரியைப் படிக்க இந்தக் கம்பெனியில எவனும் இல்லை."

"சொன்னா?"

"சொன்னா நாற்காலி போயிரும்."

நான் மருந்துப் பஞ்சை வைத்துக் கட்டினேன். நாற்காலி போனால் இந்தக் கால் என்ன ஆகும் என்பது அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மாரப்பனுக்கு வேலை போனால் அவர் செய்ய வேறு வேலை தெரியாது என்பதும் தெரியும். கட்டை முடித்து, அரை மணி காலைத் தூக்கி வைத்திரு என்றேன். பத்து நிமிடம் வைத்திருந்தாள். ஜன்னல் வழியாக ஹால் தெரிந்தது. மாரப்பன் உரித்த ஸ்டிக்கர்களைப் பெருக்கிக் குவித்துக்கொண்டிருந்தார். அது அவர் வேலை அல்ல.

"அவரு பாவம்னுகூட இல்லை, நர்ஸம்மா," என்றாள். "இன்னொரு தடவை வந்து மன்னிச்சுக்க அம்மணின்னு சொன்னாருன்னா என்னால நிக்க முடியாது. அசந்துபோச்சு."

செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

அர்த்தநாரியின் அறைக்கதவு எப்போதும் பாதி திறந்திருக்கும். அடிபட்டவர்கள் பதிவேட்டில் கையெழுத்து வாங்க நான் போனபோது அவள் உள்ளே நின்று பேசிக்கொண்டிருந்தாள். நீட்டி முழக்கவில்லை. ஜூனில் மாற்றியது, நிரந்தரமாக எழுதாமல் விட்டது, 12 எங்கிருந்து வந்தது, மூன்றும் மூன்று வாக்கியம். அவர் கேட்டுக்கொண்டே போனைக் கவிழ்த்து வைத்தார்.

"இதைய ஏன் காலையில சொல்லலை?"

"பயமா இருந்துச்சுங்க சார்."

"இப்ப பயம் போயிருச்சா?"

"இல்லீங்க சார்."

அவர் கொஞ்ச நேரம் பேனாவை மேசையில் தட்டினார்.

"நிக்கக் கூடாதுன்னு நான் சொன்னேங்கறே."

"நீங்க சொன்னீங்க. எப்படி நிக்காம இருக்குறதுன்னு முடிவு பண்ணுனது நான்."

"சரி. மாரப்பண்ணனை இருக்கச் சொல்லிர்றேன். சிஸ்டத்தையும் அவரே பாத்துக்கட்டும், அடிக்கறது அவருக்குத் தெரியும். நீ இந்தச் சீசன் முடியற வரைக்கும் பேக்கிங்ல நில்லு. பொறவு பாக்கலாம்."

அவள் காலைப் பற்றிச் சொல்லவில்லை. பதிவேட்டை அவர் முன் வைத்துவிட்டு நான் சொன்னேன்: "அவளுக்குக் கால்ல புண்ணுங்க. திரும்ப உடைஞ்சிருக்குது."

"அப்ப மணிக்கொருக்கா பத்து நிமிஷம் உக்காரட்டும்," என்றார். கையெழுத்துப் போட்டார். அதற்கு மேல் அன்று அவரிடமிருந்து எதுவும் பெயராது.

ஹாலுக்கு வெளியே மாரப்பன் நின்றிருந்தார். யாரோ அதற்குள் அவரிடம் சொல்லிவிட்டிருந்தார்கள். அவர் முகத்தில் நிம்மதியைவிடக் குழப்பம்தான் அதிகம் இருந்தது.

"எனக்கோசரம் எதுக்கு அம்மணி நீ போயி மாட்டிக்கிட்டே?"

"உங்களுக்கோசரம் இல்லைண்ணே. நடந்தது அதான்."

"நீ சொல்றது எனக்கு ஒண்ணும் புரியலை. போச்சாது, விடு. டீ குடிக்கறயா?"

"குடிக்கிறேன்."

ஆறரை மணிக்குக் கடைசிப் பெட்டியும் உரிந்தது. நாற்பத்திரண்டு பெட்டிகளுக்கு அட்டை கிழிந்து, புதுப் பெட்டி மாற்றினார்கள். ஸ்டிக்கர் அச்சடிக்கிற ரிப்பன் தீர்ந்துபோயிருந்தது. காலையில் வரும் என்றார்கள். எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழரைக்கே விஜயராணி வந்துவிட்டாள். முதலில் என்னிடம் வந்து கணுக்காலிலிருந்து முழங்கால் வரை இறுக்கிக் கட்டச் சொன்னாள். கட்டினேன். பிறகு லேபிள் அறைக்குப் போனாள். ரிப்பன் வந்திருந்தது. மாரப்பனைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு, ஸ்கிரிப்ட்டைத் திறந்து, 12 இருந்த இடத்தை அழித்தாள். குறிப்பு இல்லாவிட்டால் நில் என்று பழையபடி மாற்றினாள். எண் எதுவும் வைக்காமல் ஓட்டினாள். சிவப்பு எழுத்து வந்தது.

"ஐயோ, நின்னு போச்சு அம்மணி!"

"நிக்கட்டும்ண்ணே. அது நின்னா நீங்களும் நில்லுங்க. இந்தச் சிவப்புல கடைசி வரியில என்ன பேரு இருக்கோ அதுதான் இல்லைன்னு அர்த்தம். எனக்கு ஒரு குரல் குடுங்க."

பிறகு கம்ப்யூட்டரின் அமைப்புகளுக்குள் போய், அணைந்தாலும் அழியாத பட்டியலில் கோடவுன் 47 என்று எழுதினாள். கம்ப்யூட்டரை முழுக்க அணைத்தாள். திரும்பப் போட்டு, கறுப்பு ஜன்னலைத் திறந்து கேட்டாள். 47 என்று வந்தது. நம்பாமல் இன்னொரு முறை அணைத்துப் போட்டுக் கேட்டாள். எட்டே காலுக்கு எழுந்தாள். மாரப்பன் நாற்காலியில் உட்கார்ந்தார், பாதி மட்டும்.

முதல் ஸ்டிக்கர் அச்சாகி வந்ததும் அவர் அதைக் கிழித்து எடுத்துக்கொண்டு பேக்கிங் மேசைக்கே வந்தார். அவள் வாங்கி, பையர் பெயரிலிருந்து எண் வரை விரல் வைத்துப் படித்தாள். சரி என்றாள். அவர் போய் மீதியை அடிக்கவிட்டார்.

பல்லடம் சாலை யூனிட்டில் அதே ஸ்கிரிப்ட் இருந்தது. இத்தனை நாளும் அங்கே குறிப்பு இருந்ததோ, மாற்று எண்ணில்தான் ஓடியதோ, யாருக்கும் தெரியாது. இரண்டும் 12 என்பதால் வித்தியாசம் வெளியே தெரிந்திருக்காது. புதிய ஸ்கிரிப்ட்டை அனுப்பிவிட்டு, அங்கே உட்காருகிற பெண்ணைப் போனில் கூப்பிட்டாள். அவள் எதிர்பார்த்தபடியே அங்கே நின்றுபோயிருந்தது. அந்தப் பெண் அழாத குறையாகக் கத்துவது என் வரைக்கும் கேட்டது. விஜயராணி போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, எங்கே போக வேண்டும், எதைத் தட்ட வேண்டும், எந்தப் பெயர், எந்த எண் என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொண்டே பெட்டிகளுக்கு டேப் ஒட்டினாள். அங்கேயும் ஒரு முறை அணைத்துப் போட்டுப் பார்க்கச் சொன்னாள். பார்க்கிற வரைக்கும் போனை வைக்கவில்லை. ஒன்பது மணிக்கு நான் போய் ஒரு ஸ்டூலைப் போட்டு, பத்து நிமிடம் என்றேன். உட்கார்ந்தாள்.